கொத்து விடாத பைன் கன்று

பால் பொங்கியது. குணசீலன் அடுப்பை அணைத்துவிட்டுக் குமிழைத் தொட்டுப் பார்த்தான். காப்பி கலந்து நின்றபடியே குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். நேற்றைய சட்டையையே எடுத்துப் போட்டுக்கொண்டான். வெளியே மேல்மலையின் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து ஒரு காலில் பூட்ஸ் மாட்டினான். பிறகு எழுந்து, ஒரு கால் பூட்ஸோடும் ஒரு கால் வெறுங்காலோடும் அடுப்படிக்குப் போய், இன்னொரு தடவை குமிழைத் தொட்டுப் பார்த்தான்.

அணைந்துதான் இருந்தது.

அலமாரியில் இருந்த கருவி அவன் நடமாட்டத்தைக் கேட்டு விழித்துக்கொண்டது. சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும்.

"காலை வணக்கம், சீலன். இன்று மழைக்கு வாய்ப்பில்லை. நன்றாகத் தூங்கினாயா?"

பியூலாவின் குரல். பியூலா இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"ம்" என்றான்.

அவள் அவனைச் சீலன் என்று கூப்பிட்டதே இல்லை. ஊரும் ஆபீசும்தான் அப்படிக் கூப்பிடும். அவளுக்கு அவன் குணா. கோபம் வந்தால் 'ஏல'. கல்லூரியில் ஒரே வகுப்பு என்பதால் கல்யாணத்துக்குப் பிறகும் அந்த 'ஏல' போகவில்லை. கருவி அவன் பெயரை ஆபீஸ் பதிவிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. முதல் வாரம் அது உறுத்தியது. அப்புறம் பழகிவிட்டது. அவனுக்குப் பயமாக இருந்ததே அந்தப் பழக்கம்தான்.

போன் அடித்தது. நாசரேத்திலிருந்து மாமா. பியூலாவின் அப்பா சாமுவேல்.

"மாப்ள, கம்பெனிக்காரங்க வந்தாச்சா?"

"வந்துக்கிட்டிருக்காங்க மாமா."

"கையெழுத்து கேட்டா யோசிக்காம போட்ருங்க. எம்புள்ள எல்லா மலையிலயும் பேசட்டும். நீலகிரி, ஆனமலை, வடக்க இமயமலைக்கே போகுதாமே, பேப்பர்ல போட்டுருக்கான்."

"பாக்கலாம் மாமா."

"இதுல பாக்க என்ன இருக்கு? நேத்தும் ஜெபம் முடிச்சுட்டு அவ பேசுனதக் கேட்டுட்டுத்தான் படுத்தேன். 'நான் நன்றாகத்தான் இருக்கிறேன், பயமில்லை'ன்னு சொன்னா பாருங்க. உயிர் போற நேரத்துல எப்பேர்ப்பட்ட சமாதானம்! அத நெனச்சுத்தான் நான் எந்திரிச்சு நடமாடுதேன்."

குணசீலன் பேச்சை முடித்துப் போனை வைத்தான். அந்த வாக்கியத்தைப் பற்றி அவன் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

இறந்த அன்று பியூலா மலைச்சரிவில் இருந்தாள். அவன் இந்த வீட்டில், வாக்கிடாக்கி பக்கத்தில். மூடுபனிக்குள்ளிருந்து காட்டெருமை வந்ததை அவள் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்று டாக்டர் சொன்னார். அவள் சட்டையில் மாட்டியிருந்த பதிவுக் கருவியில் கடைசிப் பகுதி கிழிந்த துணி மாதிரி இருந்ததாம், பாதி இரைச்சல், பாதி வெற்றிடம். கருவியைச் செய்த கம்பெனி அதை எடுத்துப் போய், வெற்றிடத்தை அவள் குரலில் தானாக நிரப்பித் தந்தது. "நான் நன்றாகத்தான் இருக்கிறேன், சீலன். பயமில்லை. எல்லாரையும் பார்த்துக்கொள்." வருஷ நினைவுக் கூட்டத்தில் அதைப் போட்டார்கள். சபையே அழுதது. குணசீலன் மட்டும் அழாமல் உட்கார்ந்திருந்தான். அவள் உண்மையில் கடைசியாகப் பேசியதை அவன் வாக்கிடாக்கியில் தன் காதால் கேட்டிருந்தான். அது கல்லறையில் பொறிக்கிற மாதிரி ஒன்றுமில்லை. கூட்டத்தில் சொல்கிற மாதிரியும் இல்லை. சொல்லாமலே வைத்திருந்தான். சொல்லாமல் வைத்ததில் அதன் ஓரங்கள் மழுங்கிக்கொண்டு வந்தன. நிரப்பிய வாக்கியம் ஒரு பிசிறில்லாமல் திரும்பத் திரும்பக் கேட்டது. உண்மையானதைத் திரும்பக் கேட்க வழியில்லை. காலையில் அடுப்புக் குமிழைத் தொடும்போது மட்டும் அது ஒரு நொடி முழுசாக வந்துவிட்டுப் போகும்.

*

கம்பெனியிலிருந்து வந்தவன் பைசல், கோயம்புத்தூர்ப் பையன். இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்கிக்கொண்டிருந்தான். அவனை ஜீப்பில் ஏற்றி வந்தவர் வனத்துறை ரேஞ்சர் தில்லைநாயகி. இந்த மலையில் பைன் மரங்களை அகற்றுவதிலேயே பாதி சர்வீஸ் கழிந்துவிட்டது என்று தானே சொல்லிக்கொள்கிறவர்.

"குணசீலன், இன்னிக்கு அந்தக் கன்ன முடிச்சிட்டா வெள்ளைப்பாறைச் சரிவுல ஒரு பைன்கூட இல்லன்னு எழுதி அனுப்பிடுவேன்" என்றார் ஜீப்பிலிருந்து இறங்காமலே. "எவனோ ஒரு வெள்ளைக்காரன் கொண்டாந்து நட்டான். நம்ம ஆளுங்களும் விறகுக்குன்னு நட்டுத் தள்ளினாங்க. புல்வெளி செத்துச்சு, ஓடை செத்துச்சு. கடைசிக் குட்டியப் பிடுங்குற அன்னிக்குக் கேசரி கிண்டுறேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டு வந்திருக்கேன்."

"ஏனுங் மேடம், கேசரி சூடா கிடைக்குமா?" என்றான் பைசல்.

"முதல்ல நீ பல்லு அடிக்கிறத நிறுத்து. கருவிக்குக் காது கேக்காது."

குணசீலன் கருவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஜீப்பில் ஏறினான். இறங்கினான்.

"ஒரு நிமிஷம்."

வீட்டுக்குள் போய்க் குமிழைப் பார்த்துவிட்டு வந்தான். ரேஞ்சர் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு இது பழக்கம்.

வண்டி குலுங்கிக்கொண்டு போனது. குணசீலன் பையின் வாரை இழுத்தான், விட்டான், ஜன்னல் கண்ணாடியை ஏற்றினான், இறக்கினான். வெள்ளைப்பாறைச் சரிவுக்கு அவன் அந்த நாளுக்குப் பிறகு போனதில்லை. ரேஞ்சரும் அனுப்பியதில்லை. இந்தக் கன்றை, அவனைப் போலவே செடிகளை அடையாளம் சொல்லும் வேலையில் இருந்த மற்ற இரண்டு பேரும் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு பெயர் சொல்லி, கடைசியில் கையை விரித்துவிட்டார்கள். ஆளுக்கு வராத பெயரைக் கருவி சொல்லுமா என்று பார்க்க வேண்டும் என்றது கம்பெனி. அதோடு ஒப்புதலும் வாங்க வேண்டும் என்றது.

"அந்த ஒப்புதல் என்னன்னு எனக்கு ஒரு தடவை புரியும்படி சொல்லேம்ப்பா" என்றார் ரேஞ்சர். "இவர் கையெழுத்துப் போட்டா என்ன, போடலன்னா என்ன?"

பைசல் திரும்பி உட்கார்ந்தான். "மேடம், பியூலா மேடம் மூணு வருஷம் இந்த மலை பூரா நடந்து, ஒவ்வொரு செடி முன்னாடியும் நின்னு பேரைச் சொல்லிச் சொல்லிப் பதிவு பண்ணாங்க. கருவி செடியப் பாக்கும், மோந்து பாக்கும், அவங்க சொன்ன பேரைக் கேட்டுக்கும். இப்ப நீங்க எந்தச் செடியக் காட்டினாலும் அவங்க குரல்லயே பேரைச் சொல்லும். அதனாலதான் பேர்சொல்லின்னு பேரு. மத்த மலைகளுக்குப் போறதுக்கும் இதே குரல்தான் வேணும்னு கேக்கறாங்க. மெஷின் குரல்ல சொன்னா ஆளுக வாதாடறாங்க. இந்தக் குரல்ல சொன்னா மறுபேச்சில்லாம வேலைய ஆரம்பிச்சுடறாங்க."

"அது என்னவோ வாஸ்தவம். பைன் பிடுங்குற எங்க பொம்பளைங்களே அப்படித்தான். அவங்களுக்குப் பியூலா டீச்சரம்மா. டீச்சரம்மா சொல்லிட்டாங்கன்னா அவ்வளவுதான்."

"போனவங்களோட குரல்னா குடும்பத்துல உரிமையுள்ளவர் ஒப்புக்கணும். சட்டம் அப்படி. அண்ணா கட்டைவிரல் வச்சா எல்லா மலைக்கும் போகும். வேண்டாம்னா..." பைசல் குணசீலனைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வேண்டாம்னா அழிச்சாகணும். அண்ணா பையில இருக்கிறதும் சேர்த்து. அவங்க அப்பாவுக்குக் குடுத்த கடைசிப் பேச்சும் எங்ககிட்ட இருந்துதான் ஓடுது, அதுவும் போயிரும். பாதி வச்சுக்கறது, பாதி வேண்டாங்கறது முடியாதுங்ணா."

"வச்சிட்டுப் போறார்" என்றார் ரேஞ்சர். "யார்தான் வேண்டாம்பாங்க?"

குணசீலன் கண்ணாடியை ஏற்றினான்.

*

சரிவில் புல் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. வெட்டிய பைன்களின் அடிக்கட்டைகள் கறுத்து, பாசி பிடித்து, புல்லுக்குள் அங்கங்கே முதுகு காட்டின. ஓடைச் சத்தம் கேட்டது. அவள் இருந்தபோது இங்கே ஓடை கிடையாது.

கன்று ஒரு பாறையின் மறைவில் நின்றது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. நீலச்சாயல் படிந்த வெளிர்ப் பச்சை. குணசீலன் மண்டியிட்டான். தண்டின் அடியில் ஏதோ சுற்றியிருந்தது. வெயிலிலும் மழையிலும் வெளுத்துப்போன துணிக் கீற்று. உள்மடிப்பில் மட்டும் மஞ்சள் மிச்சமிருந்தது.

"அதுவா?" என்றார் ரேஞ்சர். "அது கட்டியிருக்கப் போய்த்தான் இத்தன நாள் நிக்குது. ஆளுங்களைப் பிடுங்கச் சொன்னா, மஞ்சத்துணி கட்டுனதத் தொடமாட்டோம்னு ஒரே பிடிவாதம்."

அது பியூலாவின் பழைய துப்பட்டா. அதைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து எப்போதும் பையில் வைத்திருப்பாள். பெயர் வராத குட்டிகளுக்குக் கட்டுவாள். மஞ்சள் கட்டினால் பொறு என்று அர்த்தம்.

அப்படியென்றால் அவள் இந்தக் கன்றைப் பார்த்திருக்கிறாள். அவன் அதற்கு மேல் யோசிக்கவில்லை. எந்த நாளில் பார்த்தாள் என்பது அவனுக்குத் தெரியும்.

"கேக்கலாங்களாண்ணா?" என்றான் பைசல்.

குணசீலன் கருவியைக் கன்றின் அருகே நீட்டினான். அது மெல்லிய விசிறிச் சத்தத்தோடு காற்றை இழுத்தது. அதன் கண் ஊசிகளின் மேல் மேலும் கீழும் போய் வந்தது.

"இது பட்டுலா பைன்" என்றது பியூலாவின் குரல். "சொந்த நாடு மெக்சிகோ. அகற்ற வேண்டிய பட்டியலில் உள்ளது."

"ஆச்சு!" என்றார் ரேஞ்சர். "கேசரிதான்."

"எத வச்சுச் சொல்ற?" என்று கேட்டான் குணசீலன்.

"ஒரு கொத்துக்கு மூன்று ஊசிகள். தொங்கும் இலைகள். சந்தேகமே இல்லை, சீலன்."

சந்தேகமே இல்லை. குணசீலன் கருவியைப் பார்த்தான். பிறகு கன்றைப் பார்த்தான்.

"பைசல், இங்க வா. உக்காரு. ஒரு கொத்த எண்ணு."

பைசல் குத்தவைத்து உட்கார்ந்து விரலால் ஊசிகளை விலக்கினான். "ஒண்ணு... ஒண்ணு... இதுவும் ஒண்ணு. அண்ணா, கொத்தே இல்லையே. எல்லாம் தனித்தனியா இருக்குது."

"பைன்னா ஊசி கொத்தா வரும். ஒரு இனத்துக்கு ரெண்டு, ஒண்ணுக்கு மூணு, ஒண்ணுக்கு அஞ்சு. கொத்த எண்ணினா பாதிப் பேர் வந்துரும். ஆனா அது வளந்த மரத்துக்கு. குட்டியா இருக்கறப்ப எல்லாப் பைனுக்கும் ஊசி தனித்தனியாத்தான் முளைக்கும், இதே நீலத்துல. அப்ப பாத்து எவனும் பேர் சொல்ல முடியாது."

"அப்ப இது மூணுன்னு எங்கிருந்துங்ணா சொல்லுது?"

"பட்டுலாவுக்கு மூணுங்கிறதால மூணுன்னு சொல்லுது. இந்த மலையில நெறயப் பார்த்தது பட்டுலாவத்தான். பேர முடிவு பண்ணிட்டு அப்புறம் ஊசிய எண்ணியிருக்கு."

அவன் ஒரே ஒரு ஊசியைக் கிள்ளிக் கசக்கி மோந்தான். பட்டுலாவின் வாசனை அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். இது அது இல்லை. நாரத்தை இலையைக் கசக்கினது மாதிரி இருந்தது. அதற்கடியில் வேறு ஏதோ. ரேஞ்சரிடம் நீட்டினான். அவர் மோந்து, புருவத்தைச் சுருக்கி, இன்னொரு தடவை மோந்தார்.

"இந்தச் சரிவுல தாய் மரம் எல்லாம் எப்பவோ போயிருச்சு மேடம். பைன் விதை இத்தன வருஷம் மண்ணுல தாங்காது. எங்கிருந்து வந்தது இது?"

"அத என்கிட்ட கேட்டா? ரெண்டு சாதி கலந்து புதுசா ஒண்ணு வந்திருக்கும்கிறீங்களா?"

"இருக்கலாம். வேற எதாச்சும்கூட இருக்கலாம்."

"அப்ப பிடுங்குறதுதான் நல்லது. பரவிட்டா?"

"ஒரு கன்னு எங்க மேடம் பரவும். காய் வைக்கவே வருஷக் கணக்காகும். அதுக்குள்ள கொத்து விட்டுரும். அப்ப என்னன்னு பாத்துட்டு நீங்களே பிடுங்குங்க."

கருவி காத்துக்கொண்டிருந்தது போலும். "அகற்றும் பணியைப் பதிவு செய்யட்டுமா?" என்று கேட்டது. கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள், அவ்வளவு இதமான குரல்.

"தெரியலன்னு சொல்லு" என்றான் குணசீலன் அதனிடம்.

"இது பட்டுலா பைன்."

"உனக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."

"எனக்குத் தெரியும், சீலன்."

பைசல் தொண்டையைச் செருமினான். "அண்ணா, அது சொல்லாதுங்ணா. அதுக்கு ஆயிரக்கணக்கான பேர் தெரியும். 'தெரியல'ங்கறது மட்டும் தெரியாது. நீங்க எங்களுக்கு அனுப்பின பதிவுல அந்த வார்த்தை ஒரு இடத்துலகூட இல்லை."

குணசீலன் கருவியைத் தாழ்த்தினான்.

கம்பெனி கேட்டது பெயர்களை மட்டும். அதனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இரண்டு பேருமாகப் பதிவைச் சுத்தம் செய்வார்கள். காற்று இரைச்சல், இருமல், அவள் முணுமுணுத்த கீர்த்தனை, 'ஐயோ அட்டை', ரேஞ்சரைப் பற்றிய கிண்டல், எல்லாவற்றையும் வெட்டுவார்கள். ஒரு நாளில் பாதிச் செடிகளுக்கு முன்னால் அவள் சொல்லியிருப்பது 'தெரியல'தான். "வெட்டு வெட்டு, இதப்போய் எவன் கேப்பான்?" என்பாள் பட்டாணி கொறித்துக்கொண்டே. அவன் வெட்டுவான். சுத்தமான பதிவு என்று கம்பெனி பாராட்டிக்கூட எழுதியது. மூன்று வருஷமும் தினமும் அவளிடமிருந்து அந்த ஒரு வார்த்தையைப் பொறுக்கி எடுத்து வெளியே போட்டிருக்கிறார்கள், இரண்டு பேருமாகச் சிரித்துக்கொண்டே.

"வேற எங்கயாச்சும் இப்படி ஆச்சா?" என்றான்.

பைசல் ஸ்வெட்டரின் நூலைப் பிடுங்கினான். "சோதனைக்குன்னு ஒரு மலைக்கு அனுப்பினோம். அங்க நம்ம சோலைக்காட்டு மரக் கன்னு ஒண்ண, வெளிநாட்டு வாட்டில்னு சொல்லிருச்சு. ஆளுக சந்தேகப்படலை. ஒரு பள்ளத்தையே துடைச்சு எடுத்துட்டாங்க."

"இதே குரல்லயா?"

"இதே குரல்லதான்."

ரேஞ்சர் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேசரி பேச்சு போன இடம் தெரியவில்லை.

"ஆனா அத சரி பண்ணிடலாங்ணா" என்றான் பைசல் அவசரமாக. "ரெண்டு நிமிஷ வேலை. அவங்க குரல்ல 'தெரியல'ங்கறதையும் உருவாக்கிடலாம். அப்புறம் தேவைப்படற இடத்துல சொல்லும். இருங்க, இப்பவே காட்டறேன்."

அவன் தன் கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் விரல்களை ஓட்டினான். குணசீலன் எழுந்தான், நடந்தான், திரும்பினான், உட்கார்ந்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவனுக்கு ஏதோ ஒன்று வேண்டும்போல் இருந்தது. அந்த வார்த்தையை அவள் குரலில் கேட்க வேண்டும். போதும், கேட்டால் விரலை வைத்துவிடலாம்.

"இப்பக் கேளுங்க."

குணசீலன் கருவியைக் கன்றின் பக்கம் நீட்டினான். விசிறி ஓடியது. கண் மேலும் கீழும் போனது.

"மன்னிக்க வேண்டும், சீலன். இது எனக்குத் தெரியவில்லை."

குரலில் குறையில்லை. அவளுக்கு 'ழ'கரத்தில் லேசாக நாக்கு சறுக்கும் பழக்கம்கூடப் பிசகாமல் இருந்திருக்கும், அந்த வாக்கியத்தில் ஒரு 'ழ' இருந்திருந்தால். ஆனால் அது வருத்தப்பட்டுச் சொன்னது. பரீட்சையில் விடை வராத பிள்ளை மாதிரி சொன்னது.

பியூலா அப்படிச் சொன்னதே இல்லை. அவள் வாயில் 'தெரியல' என்பது தின்பண்டம் மாதிரி. கூடையில் எதையோ ஒளித்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிற மாதிரி சொல்லுவாள். தெரியாத செடி கிடைத்த அன்றுதான் வீட்டுக்குப் பாடிக்கொண்டே வருவாள்.

"இன்னும் வேணும்னா கொஞ்சம் சந்தோஷமா மாத்தலாங்ணா" என்றான் பைசல் அவன் முகத்தைப் பார்த்து. "எப்படி இருக்கணும்னு சொல்லுங்க. நீங்க சொல்றபடி வச்சிடறேன்."

"நான் சொல்றபடி."

"ஆமாங்ணா. உங்களுக்குத்தான தெரியும்."

அப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது. இப்படியே போனால் அவள் அவன் சொல்கிறபடி பேசுவாள். மாமா கேட்கிறபடி பேசுவாள். மலைமலையாகப் போய், வேண்டியவர்களுக்கு வேண்டியபடி, இதமாக, சந்தேகமே இல்லாமல் பேசிக்கொண்டிருப்பாள். உண்மையில் அவள் பேசியதைத் தெரிந்த ஒரே காது அவனுடையது. அதுவும் மழுங்கிக்கொண்டு வருகிறது.

"அழிச்சிரு" என்றான்.

"அண்ணா?"

"ஒப்புதல் இல்ல. எங்க விரல் வைக்கணும்?"

"யோசிச்சுச் சொல்லுங்ணா. ஒரு வாரம் எடுத்துக்கங்க. போனா போனதுதான், திரும்ப எடுக்க முடியாது. அந்தப் பெரியவர் போன்ல இருக்கறதும்..."

"தெரியும். எங்க வைக்கணும்?"

பைசல் ரேஞ்சரைப் பார்த்தான். ரேஞ்சர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பைசல் பலகையை நீட்டினான். குணசீலனின் விரலில் ஊசியின் பிசின் ஒட்டியிருந்தது. சட்டையில் துடைத்துவிட்டு வைத்தான். கருவி ஏதோ சொல்ல ஆரம்பித்தது. அது முடிப்பதற்குள் அவனே அணைத்துவிட்டான்.



பிறகு அவன் கன்றின் அடிக்குக் குனிந்தான். தண்டு பருத்து, துணிக் கீற்று பட்டையில் பதிய ஆரம்பித்திருந்தது. முடிச்சை நகத்தால் நெகிழ்த்தி அவிழ்த்தான். வெளுத்த துணி கையில் இற்றுப் போகும்போல் இருந்தது. ஒரு விரல் நுழைகிற அளவு இடம் விட்டுத் தளர்வாக மறுபடி கட்டினான்.

"ஆக, என் மலையில ஒரு பைன் பாக்கி" என்றார் ரேஞ்சர்.

"ஆமா மேடம்."

"வேலி வேற போடணும். பேர் என்னன்னு எழுதுறது?"

"பேர் எழுத வேண்டாம். அறியப்படாததுன்னு எழுதி என் பேரப் போடுங்க. நான் வந்து பாத்துக்கிடுறேன்."

"எது வரைக்கும்?"

"கொத்து விடுற வரைக்கும்."

"அது எப்ப விடும்?"

"தெரியல மேடம்" என்றான்.

அந்த வார்த்தை வாயிலிருந்து வெளியே வந்த விதம் அவனுக்கே புதிதாக இருந்தது. ரேஞ்சர் ஒரு கணம் அவனை உற்றுப் பார்த்தார். "சரி, வாங்க. இந்தப் பையன் விறைச்சுச் செத்துருவான்" என்று ஜீப்பை நோக்கி நடந்தார்.

*

வீட்டுக்கு வந்ததும் அணைந்த கருவியை அலமாரியில் வைத்தான். வைத்த பிறகு ஏன் அங்கே வைத்தோம் என்று தோன்றியது. எடுத்து மேஜையில் வைத்தான். அடுப்படிக்குப் போனான். குமிழைத் தொட்டான். வாசலுக்கு வந்தான். மறுபடி உள்ளே போனான். அறைகள் எல்லாம் ஒரு அடி பெரிதானது மாதிரி இருந்தன.

பொழுது சாய்கிற நேரத்தில் மாமா கூப்பிட்டார்.

"மாப்ள, ஜெபம் முடிச்சுட்டு அவ பேசுனதப் போட்டுப் பாக்கேன், வரமாட்டேங்குது. சிக்னல் இல்லயோ என்னவோ. ஒங்ககிட்ட வருதா?"

"வராது மாமா. இனிமே வராது. நான்தான் அழிக்கச் சொன்னேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"என்ன சொல்லுதிய?"

"ஒப்புதல் குடுக்கல மாமா."

"கிறுக்கா பிடிச்சிருக்கு ஒமக்கு?" மரியாதை இறங்கிவிட்டது. "எம்புள்ள கடைசியாப் பேசுனது அது ஒண்ணுதான என்கிட்ட இருந்துச்சு! ஒமக்கு வேண்டாம்னா எனக்குமா வேண்டாம்? யாரக் கேட்டு அழிச்சீரு? நான் நன்றாக இருக்கிறேன்னு எம்புள்ள சொன்னா, அதக் கேக்கக்கூட எனக்குக் குடுத்து வைக்கலயா?"

"அத அவ சொல்லல மாமா."

"பெறவு?"

"பதிவுல அந்த இடம் வெறுமையா இருந்துச்சு. கம்பெனிக்காரங்க நிரப்பிக் குடுத்தது அது. அவ என்னயச் சீலன்னு என்னிக்கு மாமா கூப்பிட்டிருக்கா? இத்தன நாள் நான் ஒங்ககிட்ட சொல்லல. நீங்க அதப் பிடிச்சுக்கிட்டு நடமாடுதீங்கன்னு சொல்லல."

நாசரேத் வீட்டு ஃபேன் சத்தம் கேட்டது. மாமா மறுபடி பேசியபோது கோபம் இல்லை. கையேந்துகிற குரல்.

"ஒமக்குத் தெரியுமா? நீரு கேட்டீரா? அப்ப எம்புள்ள உண்மையில என்னதான்யா சொன்னா?"

குணசீலன் அடுப்படிக்குப் போனான். போனைக் காதில் வைத்தபடி, இன்னொரு கையால் குமிழைப் பிடித்துக்கொண்டான். குளிர்ந்திருந்தது. பிடித்ததும் வந்துவிட்டது, காற்று இரைச்சலோடு, அவள் மேல்மூச்சு வாங்குவதோடு, சிரிப்பை அடக்குவதோடு, முழுசாக. ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

"ஏல குணா, இங்கன ஒரு பைன் குட்டி நிக்கி, என்னதுன்னே தெரியல. காலைல பால அடுப்புல வச்சிட்டு வந்தனா, அதுவும் தெரியல. கொஞ்சம் போய்ப் பாரேன்."